4 மி.மீ என்று விற்ற புரொப்பெல்லர் ஜோடி பொருந்தவில்லை: மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
பில்லில் உள்ள பெயர், முகவரி
ராயபுரம், சென்னை

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான மரையும் தவறான சுழற்சியும் கொண்ட புரொப்பெல்லர் ஜோடியை மாற்றித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நானும் பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணன் மகனும் வீட்டில் ஒரு ரேடியோ கன்ட்ரோல் படகு கட்டி வருகிறோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் போட்டின் மாதிரி அது. இரண்டு மோட்டார், அவற்றின் சுழற்சியைப் புரொப்பெல்லருக்கு (தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் விசிறி) கொண்டுபோகும் தண்டாக இரண்டு ஷாஃப்ட். அதற்காக உங்கள் தளத்தில் '4 மி.மீ ஷாஃப்டுக்கான பித்தளை புரொப்பெல்லர், 35 மி.மீ, ஒரு ஜோடி' என்று போட்டிருந்ததை 1,180 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஷாஃப்டும் முன்பு உங்களிடமே வாங்கியதுதான்.

முதல் குறை மரையில். உங்கள் ஷாஃப்டின் முனையில் இருப்பது மில்லிமீட்டர் கணக்கில் வரும் எம் 4 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 0.7 மி.மீ இடைவெளி. புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் முதலில் லொடலொடவென்று ஏறுகிறது, சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடுகிறது. ஸ்பேனர் போட்டு அழுத்தியிருந்தால் பித்தளை மரை வழித்துக்கொண்டு போயிருக்கும். நாங்கள் அழுத்தவில்லை. தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மரை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: இது மில்லிமீட்டர் மரையே இல்லை, அங்குலக் கணக்கில் வரும் நம்பர் 8 மரை, அங்குலத்துக்கு 32 சுற்று. அதன் விட்டம் 4.17 மி.மீ, இடைவெளி ஏறக்குறைய 0.79 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.09 மி.மீ விலகிக்கொண்டே போவதால் சீக்கிரமே சிக்கிக்கொள்ளும். பெரிதாகப் போட்டுவிட்ட ஓட்டையில் மறுபடி எம் 4 டேப் அடிக்கவும் (மரை வெட்டவும்) வழியில்லை. 'எம் 5 டேப் அடிக்கலாம், ஆனால் ஷாஃப்டையும் மாற்ற வேண்டும்' என்றார். புது ஷாஃப்டை அதற்காக ஏன் தூக்கிப்போட வேண்டும்?

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இரட்டை ஷாஃப்ட் படகுக்கு ஜோடி என்றால் ஒன்று வலஞ்சுழி (படகின் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் போலச் சுற்றி முன்னே தள்ளுவது), மற்றது இடஞ்சுழி (அதற்கு எதிராகச் சுற்றித் தள்ளுவது). நீங்கள் அனுப்பிய இரண்டுமே வலஞ்சுழி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இறக்கைகள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது. இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் படகின் பின்புறம் வலப்பக்கமும் முன்புறம் இடப்பக்கமும் போகும், சுக்கானை எந்நேரமும் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கும். எதிரெதிராகச் சுற்றும்போதுதான் அந்த இழுப்பு ஒன்றையொன்று ஈடுகட்டும்.

இதற்கு உங்கள் சேவைப் பிரிவு கொடுத்த பதில்தான் எங்களை மிகவும் வருத்தப்படுத்தியது. 'ஒன்றை முன்பின்னாகத் திருப்பி மாட்டுங்கள், அல்லது ஒரு மோட்டாரின் ஒயரை மாற்றிக் கொடுங்கள்' என்றார்கள். ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் அதன் மரை மாறாது. புரொப்பெல்லரும் அப்படித்தான், எப்படித் திருப்பினாலும் வலஞ்சுழி வலஞ்சுழிதான். ஒயரை மாற்றினால் அந்த மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், சரி, ஆனால் அந்தப் புரொப்பெல்லர் படகைப் பின்னுக்கு இழுக்கும். ஒன்று முன்னால் தள்ள, இன்னொன்று பின்னால் இழுக்க, படகு நின்ற இடத்திலேயே சுற்றும். காசிமேட்டில் விசைப்படகுகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் தெருப் பையன்களுக்கே இது தெரியும். மாடல் படகு விற்கும் நிறுவனத்தில் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம், பாக்கெட்டில் லாக் நட்டும் (புரொப்பெல்லர் கழலாமல் பிடிக்கும் நட்டு) இல்லை. வழக்கமான வலது மரையில் (வலமாகத் திருப்பினால் இறுகுவது) மாட்டிய வலஞ்சுழி புரொப்பெல்லர், படகு முன்னே போகும்போது தண்ணீரின் எதிர்ப்பால் கழன்றுகொள்ளப் பார்க்கும். இடஞ்சுழி பின்னே வரும்போது கழலும். அதனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு நட்டைப் போட்டு, அதோடு புரொப்பெல்லரை இறுக்கித்தான் ஆக வேண்டும். நட்டு இல்லையென்றால் நடுக்குளத்தில் கழன்று விழும் பித்தளையை யார் மூழ்கி எடுப்பது? தனியாக வாங்க வேண்டும் என்றால் அதையாவது தளத்தில் சொல்லியிருக்கலாம்.

'பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று கடைசியாக வந்த மின்னஞ்சலை நாங்கள் ஏற்கவில்லை. மரை எது என்று பாக்கெட்டிலும் இல்லை, தளத்திலும் இல்லை. பொருத்திப் பார்க்காமல் வேறு எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

எனவே எம் 4 மரையில் ஒரு வலஞ்சுழியும் ஒரு இடஞ்சுழியும், லாக் நட்டோடு, அனுப்பி வையுங்கள். பழையதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இடஞ்சுழி இருப்பு இல்லை என்றால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, தளத்தில் '4 மி.மீ' என்பதற்குப் பக்கத்தில் மரை எது, சுழற்சி எது என்று தயவுசெய்து சேருங்கள். இந்த வேலையில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பித்தான் வாங்குகிறார்கள்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு வட சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கேஜ் வைத்து எடுத்த படம், இரண்டு புரொப்பெல்லர்களையும் அருகருகே வைத்து எடுத்த படம், உங்கள் மின்னஞ்சல்களின் நகல்.