குவா மூசாங் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில், தெமியார் என்னும் பழங்குடி மக்களின் மரபு நிலத்துக்கான போராட்டத்தில் கைதாகி உள்ளே போன பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையைக் காட்டும் ஆவணங்களும் கெடு முடிவதற்குள் மாநிலத் தலைநகர் கோத்தா பாரு போய்ச் சேர்ந்துவிட்டன. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லை. யார் பெயராவது விட்டுப்போனால் மன்னியுங்கள்.

அரிசியும் கருவாடும் தார்ப்பாயும் அனுப்பியவர்கள், கட்டணம் வாங்காமல் ஓடி வந்த வழக்கறிஞர்கள், போராட்டத்தின் மூங்கில் தடுப்பு வரைக்கும் சேற்றில் வண்டி ஓட்டியவர்கள், ஜாமீனுக்குக் கைமாற்று கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெமியார் மக்களின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குவா மூசாங் நகரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் அண்ணன். பெயர் போட வேண்டாம் என்றார்.

தெமியார்களிடம் பட்டா கிடையாது. சிலாங்கூர் மாநிலம் புக்கிட் தம்போயில் வாழும் தெமுவான் என்னும் இன்னொரு பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கில், ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடிகளுக்கு மரபு நிலத்தில் உரிமை உண்டு என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால் தலைமுறையாக அங்கே வாழ்ந்ததை நாம்தான் காட்ட வேண்டும். முன்னோர் வைத்த பழமரங்களும் அவர்களைப் புதைத்த இடங்களும்தான் சாட்சி. அதற்காகவே ஊர்க்காரர்கள் ஜிபிஎஸ் கருவியோடு மலை ஏறி இறங்கி வரைபடம் தயாரித்தார்கள். பச்சைப் புள்ளி டுரியான், பெத்தாய் மரங்கள். சிவப்புப் புள்ளி கல்லறை.

இரவு பத்து மணிக்கு, கடையை அடைக்கும் நேரத்தில் போய் நின்றேன். ஆறு பிரதி வேண்டும். நாலாவதில் சிவப்பு மங்கிவிட்டது. "பரவாயில்லண்ணே, தெரியுது" என்றேன். அவர் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, "இது என்னம்மா புள்ளி?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"எங்க தாத்தாவத் தோட்டத்துலதான் பொதைச்சோம். ரப்பரை வெட்டிட்டு செம்பனை போட்டுட்டாங்க. எந்த நெரைன்னு இப்ப எனக்கே தெரியாது."

அப்புறம் புது மை மாற்றி, ஆறு பிரதியையும் முதலிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்று மங்கினாலும் அந்தத் தாள் குப்பைக்குப் போனது. முடியும்போது மணி ஒன்று. காசு வாங்கவில்லை.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் பாட்டியை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அம்மாவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அன்றிரவு வண்டியில் அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேட்டேன். அம்மாவுக்கும் சரியாகத் தெரியவில்லை.

மேல் ஆற்றுப் பக்கம் இன்னும் குறிக்காத கல்லறைகள் இருக்கின்றன. கல் கிடையாது, பெயர் கிடையாது, பெரியவர்கள் கை காட்டினால்தான் உண்டு. அவர்கள் நடமாடும்போதே அவற்றையும் குறித்து முடிப்போம். இது நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணே, அந்த வரைபடமும் உங்களிடம்தான் வரும். அதற்கு முன்னால் தெமியார் கிராமத்திலிருந்து ஒரு கட்டு பெத்தாய்க்காய் வருகிறது. அதையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.