டாக்டரிடமாவது சொல்லிவிடு

அன்புள்ள குமரா,

தங்கச்சியிடம் கஞ்சியும் பருப்பு ரசமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மிளகு போடவில்லை. சூடாகக் குடிக்காதே, ஆறவைத்துக் குடி. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, கரண்டியால் சாப்பிடு. வாயைத் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை என்று மெசேஜ் போட்டிருந்தாய். அதனால்தான் கூப்பிடாமல் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஞானப்பல் எடுத்த பிள்ளையைப் பற்றி எங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் தெரியும், அதுவும் தங்கச்சி வாய் தவறிச் சொன்னதால். அப்பா அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார். "பார்த்தாயா, யாரையும் கேட்காமல் தன் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலேயே கட்டிவிட்டான்" என்று பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் இத்தனை வருடம் பல் மருந்தகத்தில் வேலை பார்த்த அம்மா ஈசூனில் இருக்கும்போது, பொங்கோலில் உன் ரூம் பையன்கள் சொன்னபடி நீ ஐஸ் வைத்துக்கொண்டிருக்கிறாயே, அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

வீக்கத்தைப் பார்த்துப் பயப்படாதே. கீழே இரண்டு பக்கமும் படுத்துக்கிடந்த பற்கள். ஈறை வெட்டி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுத்திருப்பார்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும். தாடை இறுகிக்கொள்வதும் அப்படித்தான். ஐஸ் முதல் ஒன்றிரண்டு நாளைக்குத்தான் பயன்படும். இன்றைக்கு ஞாயிறு ஆகிவிட்டது, அதை விட்டுவிடு. இளஞ்சூடான துணியைக் கன்னத்தில் வை. வாயை வலிக்காத அளவுக்கு மெதுவாகத் திறந்து மூடு. தலையணையை உயர்த்திப் படு. உப்புத்தண்ணீர் ஒரு தம்ளருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும், சாப்பாட்டுக்கு அப்புறம் கொப்பளி. ஓங்கித் துப்பாதே, வாயைச் சாய்த்துத் தானாக விழவிடு.

மாத்திரை விஷயம். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. மருந்தகத்தில் கொடுத்த பையில் வேறு பெயரில் பாரசிட்டமால் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. இபுப்ரோஃபென் வீக்கத்துக்கு நல்ல மருந்துதான், எல்லோரும் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். ஆனால் உனக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு இருந்தது. உட்லண்ட்ஸ் வீட்டில் நாம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்காது. டாக்டரிடம் அதைச் சொன்னாயா? சொல்லவில்லை என்றால், ரூமில் இருக்கிற யாரோ கொடுத்தார்கள் என்று அதைப் போடாதே. ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் நடுவில் நிறுத்தாதே.

இதையெல்லாம் விட முக்கியம், உறிஞ்சாதே. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து, கீறலுக்கு மேல் பொருக்குத் தட்டுவது போல, எலும்பை மூடிக் காக்கும். மைலோ பாக்கெட்டை ஸ்ட்ராவில் இழுத்தாலும் அது பெயர்ந்து வந்துவிடலாம். வேறு எதை இழுத்தாலும் அப்படித்தான். புகை இன்னும் மோசம், இழுக்கிற இழுப்பும் கெடுதல், நிக்கோடின் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும், புண் ஆறாது. அந்த நிக்கோடின் சிகரெட்டில் இருந்து வந்தாலும் ஒன்றுதான், மாம்பழ வாசத்தில் வந்தாலும் ஒன்றுதான்.

போன மாதம் நீ கொண்டுவந்த சட்டைகளைத் துவைத்தது நான்தானே குமரா. சரி, அதை விடு.

நம் புளோக் லிஃப்ட் பக்கத்தில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். மின்சிகரெட் கையில் வைத்திருந்தாலே முதல் தடவையே அபராதமாம். சிங்கப்பூரில் 2018லேயே தடை செய்ததுதான், 2025 செப்டம்பரில் இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். எட்டோமிடேட் என்று ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மயக்க மருந்தையே அதில் கலந்து விற்கிறார்களாம். விட வேண்டும் என்று தானாகப் போய் உதவி கேட்கிற பிள்ளைகளுக்குத் தண்டனை கிடையாதாம். பொதுவாகச் சொல்கிறேன். உன் ரூமில் இருக்கிற பையன்களுக்கும் சொல்.

இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை வலி குறைந்தது, நேற்றிலிருந்து மறுபடி கூடியிருக்கிறது, காதுவரை இழுக்கிறது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். வாயில் ஒரு கெட்ட வாடை வருகிறது என்றாயாம். அந்த வலி எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுகிற வலி நாளுக்கு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்பி ஏறாது. உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு வெளியே தெரிகிறதோ என்னவோ. ட்ரை சாக்கெட் என்பார்கள். பனடோலுக்கு அடங்காது. பல் மருந்தகத்தில் குழியைக் கழுவி மருந்து வைத்தால்தான் அடங்கும், வைத்த கொஞ்ச நேரத்தில் முகமே மாறிவிடும், நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அந்த மருந்தில் கிராம்பு வாசம் வரும். அதற்காக ஆயா சொன்னார்கள் என்று நீ கிராம்பை எடுத்துக் குழிக்குள் திணிக்காதே.

நாளைக் காலையிலேயே போ. எம்சி லீவு முடிகிறது, ஆபீஸ் போகணும் என்று தள்ளாதே. இன்று ராத்திரி காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ காலைவரை காத்திருக்காதே, டாக்ஸி பிடித்து செங்காங் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ. மூச்சு விடச் சிரமம் என்றால் டாக்ஸியும் தேடாதே, ஆம்புலன்சுக்கு 995க்கு அடி. கீழ் உதடு இன்னும் மரத்தே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்.

டாக்டர் கட்டாயம் கேட்பார், புகை பிடிப்பாயா என்று. நான் நாற்காலிப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அம்மாவோ அப்பாவோ கூட இருந்தால் பிள்ளைகள் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். எங்கள் டாக்டர் ஏதாவது படிவத்தை நிரப்பச் சொல்லிப் பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்பார். அப்போதுதான் உண்மை வரும். உண்மை தெரிந்தால்தான் புண் ஏன் ஆறவில்லை, அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியும். அதனால் நாளைக்கு நான் உன்னோடு உள்ளே வரவில்லை. வேண்டுமென்றால் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல். எதை இழுக்கிறாய், எப்போதிலிருந்து, வியாழனுக்கு அப்புறமும் இழுத்தாயா என்று எல்லாம். எத்தனை பேர் சொல்லக் கேட்டவர் அவர், முகம் சுளிக்க மாட்டார்.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. கஞ்சி மட்டும்தான் தெரியும்.

தேக்கா சந்தையில் நல்ல முருங்கைக்கீரை வந்திருக்கிறது, வாய் ஆறினதும் சூப் வைத்துத் தருகிறேன். அதுவரை முட்டையை ஆவியில் வேகவைத்துச் சாப்பிடு, கீழே கடையில் தாவ் ஹுவே, அந்த மெத்தென்ற சோயா இனிப்பு, வாங்கிக்கொள், சூடு இல்லாமல். பிரியாணி வேண்டாம், சோற்றுப் பருக்கை குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டப்பாவைத் தங்கச்சியிடமே கொடுத்துவிடு, மூடி தொலைந்துவிடுகிறது.

காலையில் எத்தனை மணிக்குப் போகிறாய் என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு. டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். உறிஞ்சாதே, கண்ணா.

அம்மா