சீட்டு உடைகிற இடம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

தாராவி 90 அடி ரோட்டில் 20 பேரைச் சேர்த்து உன்னை லட்ச ரூபாய் ஏலச்சீட்டு பிடிக்கச் சொல்கிறார்களாமே. அங்கே மராட்டியில் பிஷி, இங்கே கன்னடத்தில் சீட்டி. உடைகிற விதம் எங்கும் ஒன்றுதான்.

ஆளுக்கு மாதம் 5,000. முதல் மாதச் சீட்டு, நடத்துகிறவனான உனக்கு. இரண்டாம் மாதம் ஏலத்தில் ஒருவர் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தால் அவர் கைக்கு 70,000. தள்ளியதில் உன் கமிஷன் 5,000 போக மீதி 25,000. தலைக்கு 1,250 கழிவு, கட்ட வேண்டியது 3,750. ஆரம்பத்திலேயே 40,000 தள்ளுகிறவரைப் பார்த்து, கழிவு கொழுத்தது என்று எல்லோரும் மகிழ்வார்கள். அவரைத்தான் நீ கவனிக்க வேண்டும். அவ்வளவு நஷ்டத்துக்கு எடுக்கிறார் என்றால் வெளியே கழுத்தை நெரிக்கும் கடன் இருக்கிறது.

உடைவது பெரும்பாலும் பாதிக்கு மேல்தான். 12ஆம் மாதம் என்று வை. எடுத்தவர் 11, எடுக்காதவர் 9. எடுத்தவர்களில் 3 பேர் கட்டவில்லை. அந்த மாதம் தள்ளு 20,000 என்றால் தவணை 4,250, பள்ளம் 12,750. கமிஷனைப் போட்டாலும் 7,750 கைக்காசு. இங்கேதான் முகதாட்சண்யம் வந்து நிற்கும். 'ஊர்க்காரர், சபையில் எப்படிக் கேட்பது?' என்று சீட்டு நடத்துகிறவன் கைக்காசில் அடைப்பான். அடுத்த மாதம் முடியாது. பள்ளத்தை அடைக்கவே புதுச் சீட்டு தொடங்குவான். திருட்டு எண்ணமே இல்லாதவனும் கடைசியில் இரண்டு சீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். பேச்சு கசிந்ததும் எடுக்காத 9 பேர் பயந்து நிறுத்துவார்கள். எடுத்தவர்களுக்கு அது போதும்: 'உடையப்போற சீட்டுக்கு நான் ஏன் கட்டணும்?'

அதனால் ஏலம் எடுத்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடாதே. மீதித் தவணைக்குத் தேதியிட்ட காசோலைகள், இரண்டு ஜாமீன்தாரர்கள். அந்த இருவரும் இன்னும் சீட்டு எடுக்காதவர்களாக இருக்கட்டும். அவர்கள் பணமும் உள்ளே மாட்டியிருப்பதால் உனக்கு முன்னால் அவர்களே போய்க் கதவைத் தட்டுவார்கள். கட்டாதவர் பெயரை ஒவ்வொரு ஏலத்திலும் சத்தமாக வாசி. மச்சினன் பெயரானாலும் வாசி. கமிஷனை 20 மாதமும் தொடாதே.

1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளர் அனுமதி வேண்டும், லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு லட்ச ரூபாய் ஈடும் கட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை எடுக்கலாம், தனி ஆள் 3 லட்சம் வரை நடத்தலாம். பதியாமல் நடத்துவது குற்றம். தெருச்சீட்டுதானே என்று சொல்கிறவர்களில் எவரும் உன்னோடு கோர்ட்டுக்கு வரமாட்டார்.

பெயர்ப் பட்டியலை எனக்கு ஒரு பிரதி அனுப்பு. ஒரே வீட்டில் இரண்டு பெயர் இருந்தால் ஒன்றை அடித்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
மாணிக்கம்