சிரித்தவர்களுக்கும் முன்பணம் கொடுத்தவர்களுக்கும்

காசிமேடு விசைப்படகு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் படகுகளுக்கு முப்பது வருடமாக இன்ஜின் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். போன வாரம் ஒரு தம்பி துறைமுகத்துக்குக் கொண்டுவந்து காட்டினாரே, அந்தக் கருவியைப் பற்றித்தான். பிளாஸ்டிக் குடுவை, உள்ளே எவர்சில்வர் தகடுகள், காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் கலந்த தண்ணீர், பேட்டரியிலிருந்து இரண்டு வயர். கரண்ட்டில் தண்ணீர் பிரிந்து குமிழி குமிழியாகக் கிளம்பும் வாயுவை இன்ஜினின் காற்றுக்குழாயில் விட்டால் டீசல் செலவு பாதியாகிவிடும் என்றார். உங்களில் பலர் ‘மூலிகை பெட்ரோல் பார்ட் டூ’ என்று கைகொட்டிச் சிரித்தீர்கள். நான்கு பேர் ஓரமாகக் கூப்பிட்டு முன்பணம் கொடுத்தீர்கள். டீசலை அளந்து பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை.

என்னைக் கேட்டால், பாதியாகாது. அந்தக் குடுவை 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுத்தது, கிளாம்ப் மீட்டர் போட்டு நானே பார்த்தேன். அதாவது 240 வாட். 120 குதிரைத்திறன் இன்ஜின் என்பது ஏறக்குறைய 90,000 வாட். யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதுவும் சும்மா வரவில்லை. பேட்டரியை நிரப்புவது டைனமோ, டைனமோவைச் சுற்றுவது அதே டீசல். தண்ணீரைப் பிரிக்கச் செலவான சக்திக்கு மேல் அந்த வாயு எரிந்து ஒரு துளியும் தராது. ‘சக்திக்காக இல்லைண்ணே, டீசலை முழுசா எரிய வைக்கத்தான்’ என்றார் தம்பி. சரி, பதில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்காகப் பராமரித்த டீசல் இன்ஜினில் எரியாமல் வீணாவது நூற்றில் இரண்டு பங்குகூட இருக்காது. பாதியை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது?

அப்படியிருந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1996ல் மூலிகை பெட்ரோலை நம்பிக் காத்திருந்தவன் நான். ஒருமுறை ஏமாந்த வெட்கம் இருக்கிறதே, அது அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் நம்மைச் சிரிக்க வைத்துவிடும். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்ற பாரி மார்ஷலையும் மருத்துவர்கள் லேசில் நம்பவில்லை. மனிதர் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005ல் நோபல் கிடைத்தது.

எனக்குப் பிடித்த ஆள் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட். 1903ல் பிரான்ஸில் புளோண்ட்லோ என்ற விஞ்ஞானி ‘என்-கதிர்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல, வேறு பலரும் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். வுட்டுக்குச் சந்தேகம். 1904ல் நேரிலேயே போனார். இருட்டறையில் கருவியில் கதிரைப் பிரித்துக் காட்டவேண்டிய பட்டகத்தை (பிரிசம்) சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். கதிர் இன்னும் அதே இடத்தில் தெரிவதாக அவர்கள் அளவு சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதோடு கதை முடிந்தது.

நாமும் பட்டகத்தை எடுப்போம். தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது, படகுகள் சும்மாதான் கிடக்கின்றன. ஒன்றைத் தடித்த கயிற்றால் கட்டி, கியர் போட்டு, ஒரே ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். இப்படி ஆறு தடவை. டேங்க்கை அடைத்துவிட்டு டீசலைக் கேனிலிருந்து கொடுப்போம். இன்ஜின் எரிக்காமல் திருப்பி அனுப்பும் டீசல் வருகிற ரிட்டர்ன் லைனும் அதே கேனில்தான் விழவேண்டும். டேங்க்குக்குத் திரும்பிப் போனால் எரியாத டீசலும் எரிந்த கணக்கில் சேர்ந்துவிடும். லிட்டர் கணக்கு வேண்டாம், திரும்பிவரும் டீசல் சூட்டில் உப்பும். எடை போடுவோம். ஆறில் மூன்று தடவை வாயுக் குழாயை இன்ஜினிலிருந்து கழற்றி வெளிக்காற்றில் விடுவேன். (அடைக்கக் கூடாது, வெடிக்கும்.) எந்த மூன்று என்பது சீட்டுக் குலுக்கிய எனக்கு மட்டும் தெரியும். தம்பிக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. ‘சத்தம் குறைந்தது, இழுவை கூடியது’ என்ற பேச்செல்லாம் அன்றைக்கு எடுபடாது.

தம்பியிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். முன்பணம் கொடுத்த நால்வரும் அதுவரை மேற்கொண்டு எதுவும் கொடுக்காதீர்கள். சிரித்தவர்களும் கட்டாயம் வரவேண்டும், எடையைப் படித்துச் சொல்ல ஆள் தேவை. கேனும் பைப்பும் நான் கொண்டுவருகிறேன். கிராம் காட்டும் தராசு ஒன்றை ஏலக்கூடத்திலிருந்து யாராவது செதில் போகக் கழுவி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இன்ஜின் மெக்கானிக்