உறைந்த ஏரியில் உன் குடில்

மஸ்கெலியா,
நவம்பர் 18

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் அதோடு நீ மடித்து வைத்திருந்த படமும் கிடைத்தன. படத்தைப் பற்றிப் பேச நிறைய இருப்பதால் வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சுகம். மூத்தவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு வந்த பிறகு அடுப்புப் புகை அவர் படுக்கைப் பக்கம் வருவதே இல்லை. லயத்தின் வரிசை வீட்டில் இருந்தவரைக்கும் அந்த இருமலைக் குளிரால் வந்தது என்றுதானே எல்லாரும் சொன்னோம். இதை உன்னிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. உன் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் நினைவு வந்ததே அந்தப் புகைதான்.

கனடாவில் உறைந்த சிம்கோ ஏரியின் மேல் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு மரக் குடில், அதற்குள் உட்கார்ந்து ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பது. வாசிக்கவே எனக்குச் சந்தோசமாக இருந்தது. உனக்கு அங்கே குளிர்காலம் என்றாலே வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் என்று இத்தனை வருசமும் எழுதிக்கொண்டிருந்தாய். இப்போதுதான் வெளியே இறங்கப் பார்க்கிறாய். இந்த வேலையை நீ நன்றாகச் செய்து முடிக்க வேண்டும்.

இந்தக் குடிலை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று புரிகிறது. உறைந்த ஏரியை நான் பார்த்ததில்லை. ஆனால் சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசனுக்குக் கடை போடுகிற வேலை உன் வேலைக்கு ரொம்பக் கிட்ட வருகிறது. மார்கழிப் பௌர்ணமிப் போயாவுக்கு முன்னால் மலையடி நல்லதண்ணியிலிருந்து மேலே போகிற வழியெல்லாம் தேத்தண்ணிக் கடைகள் எழும்ப வேண்டும், வைகாசிப் பௌர்ணமி வெசாக் முடிந்ததும் அத்தனையும் இறங்க வேண்டும். உன் ஏரியிலும் மார்ச் 15க்குள் குடிலை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம் என்று எழுதியிருந்தாய். அதோடு மரக் குடில் என்றால் பதிவு செய்து, அந்த எண்ணை 6.3 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் வெளிச்சுவரில் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். சரி, அது நல்ல ஒழுங்குதான். ஐஸ் உருகும்போது விட்டுவிட்டு வந்த குடில் தண்ணீருக்குள் அல்லவா போகும்.

நீ கேட்ட முதல் கேள்வி, சுவரை எவ்வளவு தடிப்பாக அடிக்கலாம் என்பது. மச்சான், சுவரைப் பிறகு பார்ப்போம். அந்தக் குடிலுக்குள் காற்று எந்த வழியால் வரும், எந்த வழியால் போகும் என்பதை முதலில் முடிவு செய். உன் படத்தில் கதவு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது. காற்றுக்கு ஒரு துவாரம்கூட இல்லை.

மேலே இந்திக்கட்டுப்பானைப் பக்கம் கடை போடும்போது ஒவ்வொரு வருசமும் இதே வழக்குத்தான். இரவில் காற்று அறையும், கடைக்காரர் தறப்பாளால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டச் சொல்வார். நான் காற்றுக்கு மறைவான பக்கத்தில், கூரைக்குக் கீழே ஒரு கையகலம் திறந்தே விடுவேன். அதையும் சாக்கு வைத்து அடைத்த கடைகளில், நடுச்சாமம் தாண்டியதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பொடியன்கள் தலைவலி என்று வெளியே எழும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். விறகாவது புகையைக் காட்டிக் கண்ணை எரிக்கும். உன் கேஸ் ஹீட்டர் அதைக்கூடச் செய்யாது. காற்றுக் குறைந்து அரைகுறையாக எரியும்போது வருகிற காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும்.

அதனால் இரண்டு துவாரம் வை. ஒன்று ஹீட்டருக்குப் பக்கத்தில், கணுக்கால் உயரத்தில். மற்றது எதிர்ச்சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே. உள்ளங்கை அகலம் இருக்கட்டும், கம்பி வலை அடித்துவிடு. மூடி போடாதே. அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் மூடி இருந்தால் குளிர் தாங்காத ஒரு நாளில் நீயே அதை மூடுவாய். கீழ்த் துவாரம் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் போய்த் தேங்கும். காபன் மொனொக்சைட்டைக் கண்டுபிடித்து அலறுகிற கருவி அங்கே கடைகளில் கிடைக்கும் என்று எழுதியிருந்தாயே, அதை ஆணி வாங்குவதற்கு முன்னால் வாங்கு. உட்கார்ந்தால் தலை எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்தில் மாட்டு. ஹீட்டர் எரியும்போது உள்ளே தூங்காதே. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்காதே.

கேஸ் என்றதும் ஒன்று. 2021 கடைசியில் நம் நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடித்தபோது புரொப்பேன், பியூட்டேன் என்ற பெயர்கள் லயத்துக் குசினி வரைக்கும் வந்துவிட்டன. அப்போது தெரிந்துகொண்டதுதான்: பியூட்டேன் பூச்சிய பாகைக்குக் கிட்ட வந்தாலே ஆவியாகாமல் திரவமாகவே நின்றுவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும். ஆகவே முகாம் அடுப்புக்கு விற்கிற சின்ன பியூட்டேன் டின்களை நம்பி ஏரிக்குப் போகாதே. சிலிண்டர் வெளியிலேயே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

அடுத்தது ஈரம். இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லீட்டருக்கும் மேலே தண்ணீர் ஆவியாக வெளியே வரும். ஹீட்டரில் புகைக்குழாய் இல்லாததால் அது அத்தனையும் உன் குடிலுக்குள்தான். குளிர்ந்த கூரையில் பட்டதும் சொட்டும். எங்கள் கடைத் தகரத்தில் விடியற்காலையில் வேர்த்துச் சீனிப் போத்தலுக்குள் சொட்டுவது உனக்குத் தெரியும். ஆகவே வெறும் தகரக் கூரை வேண்டாம். சட்டங்களுக்கு நடுவில் ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் பலகையை அளவு குறைய வெட்டாமல் இறுக்கமாக வைத்து, உள்பக்கம் மெல்லிய ஒட்டுப்பலகை அடி. ரெஜிபோமைத் திறந்தபடி விடக்கூடாது, தீப்பட்டால் அந்தப் புகையே ஆளை முடித்துவிடும். ஆணி முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முனையிலும் பனி கட்டும், அதனால் சட்டத்தின் தடிப்பைப் பார்த்து ஆணி எடு. இதற்குத்தான் சுவர்த் தடிப்பைப் பிறகு பார்ப்போம் என்றேன். ஒன்றரை அங்குல ரெஜிபோம், கால் அங்குலப் பலகை வெளியே, அதைவிட மெல்லியது உள்ளே. அதற்கு மேல் தேவையில்லை, கனம் கூடும்.

கனத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? நல்லதண்ணியிலிருந்து மேலே ஒரு பலகை போக வேண்டும் என்றால் யாராவது தோளில் தூக்கிப் படியேற வேண்டும். அதனால் எங்கள் வேலையில் எந்தச் சட்டத்தையும் 'இது வேண்டுமா?' என்று ஒரு தடவை கேட்காமல் வெட்ட மாட்டோம். நீயும் அப்படியே கேள். நீ எழுதிய கணக்கு, ஆள் நடக்க 10 சென்டிமீட்டர் ஐஸ், சின்னக் கார் போக 20 முதல் 30, அது தெளிந்த நீல ஐஸுக்கு. வெள்ளையாக இருக்கிற ஐஸுக்குப் பாதிப் பலம்தான் என்றால் கணக்கும் இரட்டிப்பாக வேண்டும். குடிலை வண்டியில் கட்டி இழுக்கிற அன்று அவசரப்படாதே. ஒரு கிழமை பிந்தினால் மீன் ஒன்றும் ஓடிப்போகாது.

தரை. அங்கேதான் நீ காசு செலவழிக்க வேண்டும், சுவரில் இல்லை. குளிர் காலில்தான் முதலில் ஏறும். தரைப்பலகைக்குக் கீழேயும் ரெஜிபோம் வை. குடிலை இழுக்க அடியில் போடுகிற சறுக்குக் கட்டைகளை ஐஸில் நேராக வைக்காமல், நாலு அங்குலக் கட்டைத் துண்டுகளின் மேல் ஏற்றி நிறுத்து. உள்ளே இருக்கிற சூடு கீழே கொஞ்சம் உருக்கும், இரவில் அது திரும்ப உறைந்து சறுக்குக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மார்ச் மாதத்தில் கோடரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். காற்று கீழே நுழையாமல் சுற்றிவரப் பனியை அணைத்துக் கட்டலாம், ஆனால் அந்தக் கீழ்த் துவாரத்தை மூடிவிடாதே.

துளைகளை நடுத் தரையில் வரைந்திருக்கிறாய். வேண்டாம். சுவரோரமாகத் தள்ளு. நடுவில் இருந்தால் இருட்டில் யாராவது காலை விடுவார்கள். பெர்ச் மீனுக்கு எட்டு அங்குலத் துளை, பெரிய ட்ரவுட் மீனுக்குப் பத்து அங்குலம் என்றாய், அப்படியே வை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியுள்ள பலகை மூடி செய். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுகிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. உள்ளே இருட்டாக்கினால் ஐஸுக்குக் கீழிருந்து வெளிச்சம் துளை வழியாக ஏறி வரும், மீன் வருவதே தெரியும் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்தபோது எனக்கு அங்கே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது. ட்ரவுட் என்றதும் நினைத்தேன், வெள்ளைக்காரன் 1880களில் நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்ட இனத்தின் சொந்தக்காரர்கள்தானே உன் தூண்டிலிலும் மாட்டப் போகிறார்கள்.

இருக்கை விசயத்தில் நம் லயக் காம்பராவை நினைத்துக்கொள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எத்தனை பேர் இருந்தோம், எதை எங்கே வைத்தோம்? அடுப்புக்கு மேலே பரணில் விறகு காய்ந்தது, கொடியில் கம்பளி காய்ந்தது, கட்டிலுக்குக் கீழே உருளைக்கிழங்கு. தரையில் இடம் இல்லாதவர்கள் உயரத்தைப் பாவித்தோம். உன் குடிலிலும் ஹீட்டருக்கு மேலே, தீ எட்டாத உயரத்தில், கையுறை காய ஒரு கொடி கட்டு. நீளச் சுவரோடு ஒரு பெட்டி பெஞ்ச், மூடியைத் தூக்கினால் உள்ளே சாமான். பெஞ்சைப் பதினெட்டு அங்குலம் உயர்த்தி, கால் வைக்க ஒரு சின்னப் பலகை போடு. சூடு மேலேதான் நிற்கும், அதற்குள் நீயும் இருக்க வேண்டும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே இடம் பிடிக்காது, அவசரத்துக்குத் தள்ளிக்கொண்டு வெளியே பாயலாம். மூலைகளைப் போல்ட் போட்டுப் பூட்டாதே. மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றி நட்டைத் திருக முடியுமா? ஊசியை உருவினால் பிரிகிற கீல் இருக்கிறதே, மூலைக்கு மூன்று போடு. நாலு சுவரும் தனித்தனியாகக் கழன்று ஒன்றன் மேல் ஒன்று படுக்கும். நான் கடைகளுக்குச் செய்வதும் இதுதான், இரண்டு பேர் இருந்தால் மத்தியானத்துக்கு முன்னால் ஒரு கடையை இறக்கிவிடலாம்.

படத்தில் ஒரே ஒரு இருக்கைதான் வரைந்திருக்கிறாய். இது எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சை இரண்டு பேர் உட்காரும் நீளத்துக்குச் செய். பிள்ளைகளோ, வேலைத்தலத்துக் கூட்டாளியோ, அங்கேயே ஏரியில் பழக்கமாகிற யாராவதோ கூட இருக்கட்டும். உன் பெண்சாதியையும் ஒரு தடவை கூட்டிப் போ, அங்கே இருந்து எழும்பவே மனம் வராமல் போனாலும் போகும். தனியாகப் போகிற நாளில் எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல்லாமல் புறப்படாதே. நீ அங்கே, நான் இங்கே. வேறு என்ன செய்ய முடியும், சொல்லத்தான் முடியும்.

நான் இந்தக் கிழமைக் கடைசியில் நல்லதண்ணிக்கு ஏறுகிறேன். மரம் எல்லாம் அறுத்தாயிற்று, தகரம்தான் இன்னும் வர வேண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் இந்த முறை தண்ணீர் நிறைந்து நிற்கிறது, அடியில் கிடக்கிற பழைய கோயில் தெரியவில்லை. மேலே போன பிறகு போன் சரியாக எடுக்காது, ஆகவே வீட்டு விலாசத்துக்கே எழுது, மகள் கொடுத்தனுப்புவாள்.

எழுதும்போது இரண்டு விசயம் மறக்காமல் சொல். உன் இடத்தில் காற்று பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது? கதவையும் மேல் துவாரத்தையும் அதற்கு எதிர்ப்பக்கம் போட வேண்டும். மற்றது, துளைகளைச் சுவரோரம் தள்ளிய பிறகு தரையை அளவோடு திரும்ப வரைந்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் பெஞ்சின் நீளத்தை என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் கூட்டாளி