அடுப்படியில் அவள் இடம்

தென்காசி,
ஆடி 20.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. பேத்திக்குத் திருச்சியில் கல்லூரி இடம் கிடைத்ததைப் படித்து மகிழ்ந்த கையோடு, உன் அண்ணிக்கு மார்பில் புற்றுநோய் என்று உறுதியான செய்தியையும் படித்தேன். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. ‘உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டிருக்கிறாய். சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் நாங்கள் கண்டதையும், நான் தவறியதையும் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், என் மனைவியின் மார்பில் வந்த கட்டியை முதலில் பார்த்த மருத்துவர் வெறும் கொழுப்புக் கட்டி என்று சொல்லி அனுப்பியதில் எங்களுக்கு மூன்று மாதங்கள் போயின. சென்ற ஐப்பசியில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு நாட்காட்டியில் வெள்ளி, செவ்வாய், அமாவாசை எல்லாம் மறைந்து, 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் கீமோதெரபி ஊசி நாள் மட்டுமே மிஞ்சியது. பொதிகை ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டு, மறுபடியும் பொதிகையிலேயே திரும்புவோம். முதல் ஊசி போட்ட அன்று இரவு, ரயிலின் கழிவறைக்குச் சென்றவள் வெளியே வந்து, ‘ரத்தமாப் போகுதுங்க’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அந்த மருந்து சிவப்பு நிறம் என்பதையும், ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும் என்பதையும் செவிலியர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கே நான் பாடம் கற்றிருக்க வேண்டும்.

மருந்து உடம்பில் இருக்கும் முதல் வாரத்தில் வாசனைதான் பெரிய எதிரி. முப்பத்தைந்து ஆண்டுகளாக அவள் கையால் தாளித்த கடுகும் பெருங்காயமும் அவளுக்கே குமட்டின. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்துவோம். வாயெல்லாம் புண்ணாகி, குழைந்த சோற்றில் புளிக்காத தயிரை விட்டுப் பிசைந்து கொடுத்தாலும் நாலு வாய்க்குமேல் இறங்காது. மகள் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நான் துணி துவைக்கவும் பால் காய்ச்சவும் பழகினேன். வருகிறவர்கள் எல்லாம், ‘கொடுத்துவைத்தவள், உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்’ என்று பாராட்டினார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு காலையில், அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். தலையில் முடி இல்லை, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் தானாக எழுந்து வந்திருந்தாள். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஊசியால் ரத்தத்தில் குறைந்திருக்கும் நேரத்தில் விரலில் வெட்டுப்பட்டால் கிருமி தொற்றிவிடும் என்ற பயத்தில், நான் ஒன்றும் பேசாமல் அரிவாள்மனையை அவள் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் சற்று நேரம் வெறுந்தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, ‘இதையாவது என்கிட்ட விட்டு வையுங்களேன்’ என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கத்தரிக்காயைத் தட்டோடு என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. பால்கணக்கு, சீட்டுப்பணம், யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாவற்றையும் அவளைக் கேட்காமலே நாங்கள் முடிவு செய்துகொண்டிருந்தோம். அவளுடைய நகையை அடகு வைத்ததைக்கூட ரசீது கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டாள். நோய் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பங்கு என்றால், அன்பு என்ற பெயரில் நாங்கள் எடுத்துக்கொண்டது அதற்குக் குறைந்ததல்ல. மறுநாள் கணக்கு நோட்டை அவள் மடியில் வைத்தேன். நறுக்குவதை மகள் செய்யட்டும், உப்பும் புளியும் எவ்வளவு என்பதை அம்மா சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். நாக்கில் ருசி இல்லாத நாட்களிலும் குழம்பின் நிறத்தைப் பார்த்தே, ‘புளி காணாது’ என்று சொல்லுவாள்; அவள் சொன்னது சரியாகவே இருக்கும்.

வெளியிலிருந்து வருவதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள். ஒட்டுவாரொட்டி என்று நினைத்து எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவர்கள் உண்டு. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்பதைப் படித்தவர்களுக்கே விளக்க வேண்டியிருந்தது. முள்சீத்தா இலைக் கஷாயத்தைக் கொண்டுவந்து, ஊசியை நிறுத்தச் சொன்ன உறவினரும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அண்ணனிடம் கேள். மருத்துவமனையில் சான்று வாங்கிக் கொடுத்தால் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு.

அடையாற்றில் காத்திருந்த பொழுதுகளில் முத்துலட்சுமி ரெட்டியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்து, 1954இல் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனையை அவர் தொடங்கினார். அங்கே மரத்தடியில் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு எனக்குத் தெரியும்.

சிவப்பு மருந்து நான்கு முறை முடிந்த பிறகு, வாரம் ஒன்றாக 12 ஊசிகளுக்கும், 15 நாள் கதிர்வீச்சுக்கும் வேளச்சேரியில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். சாரல் தொடங்கிய வாரத்தில் ஊர் திரும்பினோம். இனி ஐந்து ஆண்டுகள் தினமும் ஒரு மாத்திரை. பரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்கினால் இருவருக்குமே தூக்கம் கெடுகிறது. இப்போது அதை ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை. முடி விரலளவு வளர்ந்திருக்கிறது.

அண்ணிக்கு முதல் ஊசி என்றைக்கு என்று எழுது. இவள் தானே அவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் வீட்டில் போடும் நாரத்தங்காய் ஊறுகாயைக் கேட்டு எழுதச் சொன்னாள். வாய்ப்புண் ஆறி, உறைப்பு இப்போதுதான் நாக்கில் தெரிகிறதாம். இந்த வரியைப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்