பாக்கி வாடகையை முதல் கோரிக்கையாக்குங்கள்: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு லாரி உரிமையாளர் சங்கங்களின் தலைவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு லாரி வைத்து, அதை நானே ஓட்டிப் பிழைப்பவன் நான். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் எங்களை ‘ஓனர் கம் டிரைவர்’ என்பார்கள். தவறாமல் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறேன். நீங்கள் அழைத்த வேலைநிறுத்தங்களில் தவணை பாக்கி இருந்தபோதும் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் ஏற்றுவது பெரும்பாலும் அவசர லோடு. ஓசூரிலிருந்து புனே பக்கத்து மோட்டார் ஆலைகளுக்குப் போகும் உதிரிபாகங்கள். அங்கே சரக்கு இருப்பு அதிகம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பாகம் வந்து சேரவில்லை என்றால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் மணிக்கணக்கில் கெடு வைத்து அனுப்புகிறார்கள். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியையும் நாமக்கல் முட்டையையும் இரவோடு இரவாகக் கேரளத்துக்குக் கொண்டுபோகும் நண்பர்களுக்கும் இதே ஓட்டம்தான்.

இந்தத் தொழிலில் ஒற்றை லாரிக்காரன் இன்னும் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பான் என்ற பேச்சு வந்தால் உடனே டீசலையும் டோலையும் சொல்கிறோம். நியாயம்தான். 2017 ஜூனில் டீசல் விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை வந்தது. பேசிய வாடகையோ அப்படியே நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த 3,000 ரூபாய் ஆண்டு டோல் பாஸ் சொந்தக் கார்களுக்கு மட்டும்தான். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் 43,950 ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தார்கள், வரி தனி. இவற்றையெல்லாம் நீங்கள் மேடைதோறும் பேசியிருக்கிறீர்கள், நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் என் கணக்கு நோட்டைப் பார்த்தால், என்னை இந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றப்போவது, சரக்கை இறக்கிய பிறகும் கைக்கு வராமல் நிற்கும் பாக்கி வாடகைதான்.

டீசலுக்குக் கையில் காசு வேண்டும். ஃபாஸ்டேக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ், சாலை வரி, பர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாவற்றுக்கும் முன்பணம். தவணை மூன்று நாள் தள்ளிப்போனால் ஃபைனான்ஸ்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார். லோடு ஏற்றும்போது கிடைக்கும் அட்வான்ஸ், போகிற வழியிலேயே டீசலுக்கும் டோலுக்கும் கரைந்துவிடுகிறது. மிஞ்சுகிற பாக்கியில்தான் என் கூலி இருக்கிறது, டயர் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. அந்தப் பாக்கி எப்போது வரும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸில் கேட்டால், சரக்கை இறக்கிய ரசீதின் அசல் வரவில்லை என்பார்கள். கூரியரில் அனுப்பினால் முத்திரை தெளிவாக இல்லை என்பார்கள். கம்பெனி பில் பாஸ் ஆகவில்லை, கணக்கர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம். முப்பது மணி நேரத்தில் சரக்கு வந்தாக வேண்டும் என்று மூன்று முறை போன் செய்தவர்கள், வாடகை என்று வந்தால் மூன்று மாதம் கழித்தும் போனை எடுப்பதில்லை.

அந்த முப்பது மணி நேரம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து புனேக்கு ஏறத்தாழ 880 கிலோமீட்டர். சரக்கோடு எடுத்துப்போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் எத்தனை நாள் செல்லும் என்பதற்கு, 2021 ஜனவரியிலிருந்து நாள் ஒன்றுக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்கு. அதாவது இந்தத் தூரத்துக்கு அரசாங்கமே ஐந்து நாள் அவகாசம் தருகிறது. துமகூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர் வழியாக ஏற்றிய வண்டி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் போனாலும், 22 மணி நேரம் ஸ்டீயரிங்கிலேயே இருக்க வேண்டும். மீதி எட்டு மணி நேரத்தில் டீசல் போடுவது, டோல் வரிசை, சாலைச் சோதனை, சாப்பாடு, குளியல் எல்லாம் போக எவ்வளவு தூங்குவது? பெரிய நிறுவனங்கள் வண்டிக்கு இரண்டு டிரைவர் போடுகின்றன. எனக்குக் கிளீனர்கூடக் கிடைப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரம்பு வைத்தது. அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கானதாக இருந்தது. தன் லாரியைத் தானே ஓட்டுபவன் எப்போது தூங்கினான் என்று யாரும் கேட்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஒருமுறை கெடுவுக்கு முன்பே ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். டோக்கன் கொடுத்து வெளியே நிறுத்திவிட்டார்கள். இரண்டு இரவு சாலையோரத்தில் கிடந்த பிறகுதான் சரக்கை இறக்கினார்கள். வண்டி காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் பணம் கேட்டேன். அப்படி ஒன்று பேசவே இல்லையே என்றார்கள். பின்னர் ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டுச் சில மணி நேரம் தாமதமானது. அதற்குப் பாக்கியிலிருந்து ‘லேட் டெலிவரி’ என்று பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றையும் நாங்கள் பேசவில்லை.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சேவை பெறுபவர் எழுத்து ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தமோ, கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்கிறது. ஒரு லாரி மட்டும் வைத்திருப்பவரும் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவில் குறு நிறுவனமாகச் சேரலாம். ஆதாரும் பான் அட்டையும் போதும், கட்டணம் இல்லை. நம் டீக்கடைப் பேச்சில் இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது? லோடு ஏற்றுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிந்தவர்களும், சிறு நிறுவனங்களின் பாக்கிக்காக அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுப்பதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரு புக்கிங் ஆபீஸ் மீது புகார் கொடுத்தவனுக்கு மறுநாள் அந்தத் தெருவில் வேறெந்த ஆபீஸிலும் லோடு கிடைக்காது. தனி ஆளாக அவனால் முடியாது. சங்கத்தால் முடியும்.

இங்கே நான் மரியாதையோடும் வெளிப்படையாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிர்வாகிகளில் பலர் பல லாரி வைத்திருப்பவர்கள். புக்கிங் ஆபீஸும் நடத்துகிறவர்கள். பாக்கி வைத்திருக்கும் இடத்திலும் நம் ஆட்களே இருப்பதால்தான் இந்தக் கோரிக்கை பட்டியலின் தலைப்பில் வருவதில்லை என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். 2018 ஜூலையில் நாடு முழுவதும் ஒரு வாரத்துக்கு மேல் லாரிகள் நின்றன. டீசலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவருவது, டோல், இன்சூரன்ஸ் பிரீமியம் ஆகியவையே முன்னால் நின்றன. அவற்றில் அரசோடு மோதினோம். பாக்கி வாடகையில் மோத வேண்டியது சரக்கு அனுப்பும் கம்பெனிகளோடும் நமக்குள்ளேயும்.

புக்கிங் ஆபீஸ் நடத்தும் உங்களுக்கும் கம்பெனி மாதக்கணக்கில் பில் பணம் தராமல் இழுக்கிறது என்பதை அறிவேன். நீங்கள் கைக்காசைப் போட்டு எங்களுக்கு அட்வான்ஸ் தருகிறீர்கள் என்பதையும் அறிவேன். அப்படியென்றால் 45 நாள் கெடுவை மேலே கம்பெனியிடம் கேட்பது உங்களுக்கும் நல்லதுதானே? சிறு நிறுவன வரம்புக்குள் இருக்கும் எந்த டிரான்ஸ்போர்ட்டுக்கும் அதே சட்டம் துணை நிற்கும்.

நாம் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பது இப்போதே தெரிகிறது. அவசரச் சரக்கு மெல்ல மெல்லப் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போகிறது. 2014இல் தொடங்கிய ரிவிகோ, சில மணி நேரத்துக்கு ஒரு டிரைவர் மாறி மாறி ஓட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஓட்டுபவர் அன்றே வீடு திரும்பலாம் என்ற அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுவேன். முதலீட்டாளர்களின் பணம் இருந்தும் அதனால் தனித்து நிற்க முடியவில்லை. அதன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை 2022இல் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் 225 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. மனிதனை வதைக்காமல் வேகமாகச் சரக்கு கொண்டுபோக எவ்வளவு செலவாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தச் செலவை இன்று நாங்கள் தூக்கத்தைக் கொடுத்தும் பாக்கிக்குக் காத்திருந்தும் ஈடுகட்டுகிறோம். லோடு தேடித்தரும் செயலிகள் வந்தன. திரும்பும் லோடு கிடைப்பது எளிதானது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாடகையை ஏலம்போல் கீழே இறக்குவதும் அங்கேதான் நடக்கிறது.

என் வயதுள்ள ஓனர் கம் டிரைவர்களில் மகனை ஸ்டீயரிங்கில் உட்காரவைக்க விரும்பும் ஒருவரைக்கூட நான் அறியேன்.

நான் கேட்பது பெரிதல்ல. சங்கத்தின் பெயரில் ஒரே பக்கத்தில் ஒரு லோடு ஒப்பந்தம் அச்சிடுங்கள். பாக்கி எத்தனை நாளில், வாசலில் எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் எவ்வளவு, தாமதத்துக்குப் பிடித்தம் உண்டா, மழைக்கும் சாலை மறியலுக்கும் விலக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்து இல்லாமல் அவசர லோடு ஏற்றுவதில்லை என்று எல்லா ஊர்ச் சங்கமும் ஒரே நாளில் முடிவெடுக்கட்டும். இறக்கிய ரசீதின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும், அசலுக்காகப் பாக்கியை நிறுத்தக் கூடாது என்று எழுதுங்கள். சங்க அலுவலகங்களில் உத்யம் பதிவுக்கு முகாம் போடுங்கள். 45 நாள் தாண்டிய பாக்கிகளை உறுப்பினர்களிடமிருந்து வாங்கி, சங்கத்தின் வக்கீலைக் கொண்டே மொத்தமாகப் புகார் தயாரித்துக் கொடுங்கள். ஐம்பது பேர் சேர்ந்து கொடுத்தால் ஐம்பது பேருக்கும் லோடு மறுக்க எந்தத் தெருவாலும் முடியாது.

முடியுமா என்று தயங்க வேண்டாம். 2024 ஜனவரியில், உயிர் போகும் விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். இரண்டாம் நாளே உள்துறைச் செயலர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். அந்த ஜூலையில் அந்தப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் பாக்கி வாடகையை முதல் தீர்மானமாக வையுங்கள். முன்மொழிய நான் வருகிறேன். என் கணக்கு நோட்டையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினன், சொந்த லாரி ஓட்டுபவன்,
நாமக்கல் மாவட்டம்